பி.ஃபார்மில் ஃபார்மகாலஜி: அரியர் விழாமல் படித்து முடிக்கும் வழி

இங்கிலாந்தில் ஃபார்மகாலஜியை (மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற படிப்பை) மட்டுமே எடுத்து பி.எஸ்சி. பட்டம் வாங்கலாம். நம் ஊரில் பிளஸ் டூ முடித்தவருக்கு அதற்கான நேர்வழி பி.ஃபார்ம்தான். இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும், நீட் தேவையில்லை. டி.ஃபார்ம் முடித்தவர்கள் நேராக மூன்றாம் செமஸ்டரில் சேரலாம்.

நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். அதில் ஃபார்மகாலஜி நான்கு, ஐந்து, ஆறாம் செமஸ்டர்களில் மூன்று தாள்களாக வருகிறது. முதல் தாளில் பொது ஃபார்மகாலஜி, தன்னியக்க நரம்பு மருந்துகள், மூளை மருந்துகள். இரண்டாவதில் இதயம், சிறுநீரகம், ஆட்டகாய்டுகள் (ஹிஸ்டமின் போல உருவான இடத்திலேயே வேலை செய்பவை), ஹார்மோன்கள், பயோஅஸே (திசுவின் விளைவை வைத்து மருந்தின் அளவைக் கணிப்பது). மூன்றாவதில் நுரையீரல், குடல், கீமோதெரபி (கிருமிகளுக்கும் புற்றுநோய்க்கும் எதிரான மருந்துகள்), நச்சியல். முதல் தாளில் தடுமாறியவர்கள்தான் பெரும்பாலும் மற்ற இரண்டிலும் தடுமாறுகிறார்கள். காரணம், மூன்றும் மூன்று பாடங்கள் அல்ல. முதல் தாளில் வரும் ஆட்ரினர்ஜிக் ரிசெப்டர் (செல்லில் அட்ரினலின் ஒட்டும் இடம்) தெரியாமல் இரண்டாம் தாளின் ரத்த அழுத்த மருந்துக்குள் நுழையவே முடியாது.

ஃபார்மகாலஜி தொடங்கும் முன்பே தூசு தட்ட வேண்டியவை

ஃபார்மகாலஜி கஷ்டம் என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் கஷ்டமாக இருப்பது உடலியங்கியல். முதல் ஆண்டில் படித்த உடற்கூறு, உடலியங்கியல் நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கி ஐந்தே ஐந்து விஷயங்களை மறுபடி படியுங்கள்: சிம்பதெடிக், பாராசிம்பதெடிக் நரம்புகள் எந்த உறுப்பில் என்ன செய்கின்றன, ஒரு சினாப்ஸில் நரம்புக்கடத்தி உருவாவது முதல் அழிவது வரை, நெஃப்ரானின் எந்தப் பகுதியில் எந்த அயனி திரும்ப உறிஞ்சப்படுகிறது, இதயச் செல்லின் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல், ரெனின் தொடங்கி ஆல்டோஸ்டிரோன் வரையிலான சங்கிலி. ஐந்தையும் புத்தகம் பார்க்காமல் படமாக வரையத் தெரிந்தால் போதும். வரைய வராதது இன்னும் புரியவில்லை.

பிளஸ் டூவில் கணிதப் பிரிவு எடுத்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் ரெமிடியல் பயாலஜி இருக்கும். அது போதாது. மேலே சொன்ன ஐந்துக்கு இரண்டு வாரத்துக்குப் பதில் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகைக்கு ஒரு மருந்து, மருந்துக்கு ஒரு சங்கிலி

பலரும் செய்யும் தப்பு, பெயர்ப் பட்டியலில் தொடங்குவது. இருபது பீட்டா பிளாக்கர்களின் பெயரை ஒப்பிப்பார்கள். அவற்றில் ஒன்றை ஏன் ஆஸ்துமாக்காரருக்குக் கொடுக்கக் கூடாது என்று கேட்டால் விழிப்பார்கள். வகைக்கு ஒரு மூல மருந்தை மட்டும் எடுத்து அடிவரை படியுங்கள். மற்றவற்றுக்கு அதிலிருந்து எங்கே மாறுபடுகின்றன என்பது மட்டும் தெரிந்தால் போதும். ப்ரோப்ரனலால் தெரிந்தவருக்கு அட்டெனலால் ஒரே வரி: பீட்டா 1ஐ அதிகமாகத் தேடிப் போகும்.

எனாலாப்ரிலை எடுத்துப் பார்ப்போம். இது ப்ரோடிரக், கல்லீரலில் எனாலாப்ரிலாட்டாக மாறிய பிறகே வேலை செய்யும். ஏ.சி.இ. என்சைமைத் தடுக்கிறது. அந்த என்சைமுக்கு இரண்டு வேலை: ஆஞ்சியோடென்சின் 1ஐ 2ஆக மாற்றுவது, பிராடிகைனினைச் சிதைப்பது. இனி மனப்பாடமே வேண்டாம். ஆஞ்சியோடென்சின் 2 குறைந்தால் ரத்தக்குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். ஆல்டோஸ்டிரோன் குறைந்தால் சோடியம் வெளியேறும், பொட்டாசியம் தங்கும், ஆகவே ஹைப்பர்கலீமியா. பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் இன்னொரு மருந்தான ஸ்பைரனோலாக்டோனோடு சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து கூடும். பிராடிகைனின் சிதையாமல் சேர்ந்தால் வறட்டு இருமல், அரிதாக ஆஞ்சியோஎடிமா (முகம், உதடு, நாக்கு வீங்குவது). இரண்டு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கியிருப்பவருக்கு வடிகட்டும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதே ஆஞ்சியோடென்சின் 2தான். அதை எடுத்துவிட்டால் சிறுநீரகம் படுத்துவிடும். லோசார்டான் ரிசெப்டரை மட்டும் தடுப்பதால் பிராடிகைனின் பக்கம் போவதில்லை, அதனால் அதில் இருமல் மிகக் குறைவு. ஒரு என்சைமிலிருந்து ஆறேழு பதில்கள் வந்துவிட்டன. கர்ப்பத்தில் கூடாது என்பதை மட்டும் தனியே எழுதிச் சேருங்கள், சிசுவின் சிறுநீரகம் கெடும் என்ற காரணத்தோடு.

ஒவ்வொரு மூல மருந்துக்கும் இப்படி அரைப் பக்கம் போதும். அரைப் பக்கத்தைத் தாண்டினால் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று அர்த்தம்.

பெயரின் வால் உதவும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. "-ப்ரில்" என்றால் ஏ.சி.இ. தடுப்பி, "-சார்டான்" என்றால் ஆஞ்சியோடென்சின் ரிசெப்டர் தடுப்பி, "-கிளிப்டின்" என்றால் டி.பி.பி. 4 தடுப்பி (சர்க்கரை மருந்து). ஆனால் நிஸ்டாட்டின் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் இல்லை, பூஞ்சை மருந்து. அரிபிப்ரசோல் அல்சர் மாத்திரை இல்லை, மனச்சிதைவு மருந்து. ஸ்டனோசலால் பீட்டா பிளாக்கர் இல்லை, அனபாலிக் ஸ்டீராய்டு. கொள்குறி வினா தயாரிப்பவர்களுக்கு இந்த மூன்றும் ரொம்பப் பிடிக்கும்.

அமெரிக்கப் பெயர்களும் குழப்பும். நம் புத்தகத்தில் பாரசிட்டமால், சால்பியூட்டமால், அட்ரினலின், பெத்திடின், கிளிபென்கிளமைடு. யூடியூப் வகுப்பில் அவையே அசிட்டமினோஃபென், ஆல்பியூட்டரால், எபிநெஃப்ரின், மெபெரிடின், கிளைபுரைடு. நோட்டின் பின் அட்டையில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ரிசெப்டர்களுக்கு ஒரு குறுக்குவழி: மஸ்கரினிக் வகையில் (அசிட்டைல்கோலின் ஒட்டுபவை) ஒற்றைப்படை எண்கள் (எம்1, எம்3, எம்5) செல்லுக்குள் சேதி கடத்துவது ஜி-கியூ புரோட்டீன் வழியாக, இரட்டைப்படை (எம்2, எம்4) ஜி-ஐ வழியாக. ஆல்ஃபா 1 ஜி-கியூ, ஆல்ஃபா 2 ஜி-ஐ, பீட்டா மூன்றுமே ஜி-எஸ். இந்த மூன்று வரி தெரிந்தால் முதல் தாளின் பாதிக் கேள்விகளுக்குப் பதிலின் முதல் வரி கைவசம்.

கணக்கைப் பார்த்து ஓட வேண்டாம்

ஃபார்மகோகைனடிக்ஸ் கணக்கை (மருந்து உடம்பில் பரவி வெளியேறும் கணக்கை) விட்டுவிடுபவர்கள் அதிகம். உண்மையில் தேவைப்படுவது நான்கு சூத்திரங்கள்தான். வால்யூம் ஆஃப் டிஸ்ட்ரிபியூஷனைத் தொட்டியின் கொள்ளளவு என்றும் கிளியரன்ஸை அடியிலுள்ள துளை என்றும் நினைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள்.

500 மி.கி. மருந்தை நரம்பில் ஏற்றுகிறோம். தொடக்க அளவு லிட்டருக்கு 10 மி.கி. எனில் வால்யூம் = 500 ÷ 10 = 50 லிட்டர். கிளியரன்ஸ் மணிக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ஹாஃப் லைஃப் (ரத்தத்தில் மருந்து பாதியாகும் நேரம்) = 0.693 × 50 ÷ 5 = 6.93 மணி. ரத்தத்தில் அதே 10 மி.கி. அளவைச் சீராக வைத்திருக்க டிரிப் வேகம் = கிளியரன்ஸ் × வேண்டிய அளவு = 5 × 10 = மணிக்கு 50 மி.கி. டிரிப்பை மட்டும் போட்டால் அந்த அளவை எட்ட நான்கைந்து ஹாஃப் லைஃப், அதாவது சுமார் 28 முதல் 35 மணி நேரம் ஆகும் (நான்கில் 93.75 சதவீதம், ஐந்தில் ஏறக்குறைய 97). அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதபோது முதலிலேயே மொத்தமாகக் கொடுக்கும் லோடிங் டோஸ் = 10 × 50 = 500 மி.கி.

இதில் வரும் தப்புகள் எப்போதும் ஒன்றேதான். கிளியரன்ஸ் நிமிடத்துக்கு மி.லி. என்று கொடுத்திருப்பார்கள், மணிக்கு லிட்டராக மாற்ற மறப்பீர்கள் (0.06ஆல் பெருக்குங்கள்). செமி-லாக் தாளில் சாய்வைப் பத்தடி லாகில் எடுத்துவிட்டு 2.303ஆல் பெருக்க மறப்பீர்கள். மாத்திரைக்கான கணக்கில் பயோஅவெய்லபிலிட்டியால் (விழுங்கியதில் ரத்தத்தை எட்டும் பங்கால்) வகுக்க மறப்பீர்கள்.

மலேரியா மருந்தான குளோரோகுயினின் வால்யூம் 10,000 லிட்டருக்கும் மேல் என்று படித்ததும், மனித உடம்பு அவ்வளவு பெரிதா என்று தோன்றும். அது நிஜமான இடம் இல்லை. மருந்து ரத்தத்தில் நிற்காமல் திசுவுக்குள் போய் ஒளிந்துகொண்டது என்பதற்கான அடையாளம். அதனால்தான் இப்படிப்பட்ட மருந்தின் நச்சுக்கு டயாலிசிஸ் உதவாது. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினைத் தனியாகப் படியுங்கள். வழக்கமான சிகிச்சை அளவிலேயே (மி.லி.க்கு 10 முதல் 20 மைக்ரோகிராம்) அதைச் சிதைக்கும் என்சைம்கள் நிறைந்துவிடும். மேலே சொன்ன கணக்கு அங்கே செல்லாது. கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு எகிறும்.

கீமோதெரபியும் நச்சியலும்

ஆறாம் செமஸ்டரில் மூச்சு முட்டுவது இங்கேதான், மருந்துகள் அவ்வளவு அதிகம். காசநோயில் தொடங்குங்கள், நான்கு மருந்து, நான்குக்கும் தனித்தனி முகம். ஐசோநியாசிட்: நரம்பு மரத்துப்போதல், அதற்குப் பைரிடாக்சின் (வைட்டமின் பி6). ரிஃபாம்பிசின்: ஆரஞ்சு நிறச் சிறுநீர், என்சைம் தூண்டல், அதனால் கருத்தடை மாத்திரை பலனிழத்தல். பைரசினமைடு: யூரிக் அமிலம் கூடுதல். எதாம்பியூட்டால்: பார்வை நரம்பு பாதிப்பு, சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாமை. எதாம்பியூட்டால் தவிர மற்ற மூன்றும் கல்லீரலைத் தாக்கும். தேசியத் திட்டத்தில் முதல் இரண்டு மாதம் நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்றும். காசநோயாளியை சானட்டோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வு நடந்தது சென்னையில்தான், 1956ல் தொடங்கிய மெட்ராஸ் கீமோதெரபி மையத்தில். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி.

புற்றுநோய் மருந்தில் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருபவை. முதலாவது நரம்பைக் கெடுக்கும், இரண்டாவது எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும். இதை மாற்றி எழுதாதவர்கள் குறைவு.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் என்று மட்டும் எழுதினால் பாதி மார்க்குதான். அட்ரோபின் மஸ்கரினிக் அறிகுறிகளை, அதாவது எச்சில், சளி, மூச்சுக்குழாய்ச் சுருக்கம், இதயத்துடிப்புக் குறைவு ஆகியவற்றைச் சரிசெய்யும். தசைத் தளர்ச்சி நிக்கோடினிக் ரிசெப்டரால் வருவது. அட்ரோபின் அதைத் தொடாது. அதற்குப் பிராலிடாக்சிம். அதுவும் பூச்சிமருந்து பிடித்துவைத்த என்சைம் (அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்) "ஏஜிங்" ஆவதற்கு முன், அதாவது அந்தப் பிடிப்பு நிரந்தரமாக இறுகுவதற்கு முன் கொடுத்தால்தான் பிடிப்பை விடுவிக்கும். இந்த "ஏன்" எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் திருத்துபவர் தேடுவார். இதய மருந்தான டிஜாக்சின் படிக்கும்போது மஞ்சள் அரளி விதையையும் நினைவில் வையுங்கள்: அதே சோடியம்-பொட்டாசியம் பம்பு, அதே தடுப்பு, அதே பொட்டாசியம் உயர்வு. இலங்கையில் அரளி விஷத்துக்கு டிஜாக்சின் எதிர் ஆன்டிபாடியைக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு

தமிழில் புரிந்துகொள்ளுங்கள், கலைச்சொல்லை ஆங்கிலத்திலேயே வையுங்கள், ஆங்கிலத்தில் எட்டுச் சொல்லுக்குள் வாக்கியம் எழுதுங்கள். பரீட்சைத் தாளில் இலக்கணத்துக்கு மார்க் குறைவதில்லை. மருந்தின் எழுத்துப்பிழைக்குக் குறையும். ஹைப்போகலீமியா பொட்டாசியம், ஹைப்போகால்சீமியா கால்சியம். ஹைப்போவும் ஹைப்பரும் உங்கள் கையெழுத்தில் வேறுவேறாகத் தெரிகின்றனவா என்று நண்பரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். குளோர்ப்ரோமசின், குளோர்ப்ரோபமைடு, குளோர்ஃபெனிரமின் மூன்றையும் பத்து முறை எழுதிப் பழகுங்கள்: மனநோய், சர்க்கரை, அலர்ஜி. இங்கே ஒரு எழுத்து வழுக்கினால் நோயே மாறிவிடும்.

வீட்டில் பெரியவர்களின் மாத்திரை அட்டைகளை எடுத்து ஜெனரிக் பெயரை மட்டும் வாசித்து எந்த வகை, எதன் மீது வேலை செய்கிறது என்று சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி. மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும். படித்த தைரியத்தில் பாட்டியின் டோஸை மாற்றச் சொல்லிவிடாதீர்கள்.

மார்க் எங்கே இருக்கிறது

ஃபார்மசி கவுன்சிலின் 2014 விதிப்படி எழுத்துத் தாள் 100: இன்டர்னல் 25, பல்கலைத் தேர்வு 75. இன்டர்னலில் 15 செஷனல் தேர்வுக்கு (செமஸ்டர் நடுவே கல்லூரியே வைப்பது), 10 தொடர் மதிப்பீட்டுக்கு. அந்தப் பத்தில் 4 வருகைப்பதிவுக்கு. 95 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் நான்கும் உங்களுடையது, 80க்குக் கீழே போனால் பூஜ்யம். பரீட்சை எழுதவும் 80 வேண்டும். தேர்ச்சிக்கு இன்டர்னலையும் சேர்த்து 50 சதவீதம். இன்டர்னலில் 20 வைத்திருப்பவர் 75க்கு 30 எடுத்தால் பாஸ். 10 வைத்திருப்பவருக்கு 40 வேண்டும். அரியர் பெரும்பாலும் முடிவாகிவிடுவது செஷனலிலேயே.

75க்கான தாளில் ஒரு மார்க் கொள்குறி 20, பத்து மார்க் கேள்வி மூன்றில் இரண்டு, ஐந்து மார்க் கேள்வி ஒன்பதில் ஏழு. மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: கொள்குறிக்கு 20 நிமிடம், பத்து மார்க்குக்குத் தலா 25, ஐந்து மார்க்குக்குத் தலா 12. மொத்தம் 154; மீதி 26 நிமிடம் விட்டதை நிரப்ப. முதல் பத்து மார்க்குக்கே 45 நிமிடம் எழுதிவிட்டுக் கடைசி இரண்டு ஐந்து மார்க்கைத் தொடாமல் வருபவர்கள் ஒவ்வொரு ஹாலிலும் உண்டு. பத்து மார்க் பதிலில் வகைப்பாட்டைக் கிளைப்படமாகவும், செயல்படும் விதத்தைப் படத்தோடும் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பிறகு உறுப்புவாரியான விளைவுகள், பக்கவிளைவு, கொடுக்கக் கூடாதவர், பயன். கைனடிக்ஸ் ஒரே வரி போதும்.

வகுப்பு நடந்த அன்றே 20 நிமிடம், மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை என்று அரைப் பக்கக் குறிப்பைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். ஹைலைட்டரால் புத்தகம் முழுக்க மஞ்சள் பூசுவது படிப்பு இல்லை.

பிராக்டிகல்

இப்போது விலங்குச் சோதனைகளைப் பெரும்பாலும் கணினியிலும் வீடியோவிலும்தான் காட்டுகிறார்கள்; பாடத்திட்டமே அப்படிச் சொல்கிறது. பாண்டிச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் பல கல்லூரிகளில் உண்டு. மவுஸை அழுத்தினால் கோடு வந்துவிடுவதால் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவதும் அதனால்தான்.

பயோஅஸே கணக்கை ஒருமுறை கையால் போடுங்கள். மூன்று புள்ளி முறையில் ஸ்டாண்டர்டு கரைசல் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். திசு சுருங்கும்போது வரையும் கோட்டின் உயரம் அதில் 0.1 மி.லி.க்கு 20 மி.மீ., 0.2 மி.லி.க்கு 40 மி.மீ., டெஸ்ட் 0.1 மி.லி.க்கு 30 மி.மீ. முதலில் (30 − 20) ÷ (40 − 20) = 0.5. இதை லாக் (0.2 ÷ 0.1) = 0.301ஆல் பெருக்கினால் 0.1505, ஆன்டிலாக் 1.414. ஸ்டாண்டர்டின் சிறிய டோஸை டெஸ்ட் டோஸால் வகுத்தால் 1. ஆக, டெஸ்ட்டின் அடர்த்தி 1 × 1.414 × 10 = மி.லி.க்கு 14.14 மைக்ரோகிராம். உயரங்களை ஒரே சுற்றில் எடுக்காமல் வரிசையை மாற்றி மாற்றி மூன்று சுற்று எடுத்து சராசரி போட வேண்டும். திசு நேரமாக ஆக சோர்வதை ஈடுகட்டத்தான் அந்த மாற்றம். டோஸ்கள் உச்ச விளைவின் 25 முதல் 75 சதவீதத்துக்குள் விழ வேண்டும். அதற்கு வெளியே வளைவு நேர்கோடாக இருக்காது, சூத்திரம் பொய் சொல்லும்.

வைவாவில் திரும்பத் திரும்ப வருபவை: தவளை ரெக்டஸ் தசையில் (வயிற்றுத் தசை) அசிட்டைல்கோலினை ஏன் 90 நொடி விட வேண்டும், கினிப்பிக் இலியத்தில் (சிறுகுடலின் கடைசிப் பகுதி) ஏன் 30? ரெக்டஸ் மெதுவாகச் சுருங்கும் தசை. இலியத்துக்கு ஏன் 37 டிகிரி சூடும் காற்றும், ரெக்டஸுக்கு ஏன் அறை வெப்பம்? ஒன்று பாலூட்டி, மற்றது குளிர்ரத்தப் பிராணி. ரெக்டஸில் அசிட்டைல்கோலினை அட்ரோபினால் தடுக்க முடியுமா? முடியாது, அங்கே இருப்பது நிக்கோடினிக் ரிசெப்டர், டியூபோகியூராரின் தடுக்கும். இலியத்தில்? அங்கே எம்3, அட்ரோபின் தடுக்கும். கடைசிக் கேள்வி பெரும்பாலும் நாயின் ரத்த அழுத்தப் படத்திலிருந்து வரும்: ஆல்ஃபா பிளாக்கர் கொடுத்த பிறகு அட்ரினலின் ஏற்றினால் அழுத்தம் ஏறாமல் ஏன் இறங்குகிறது? ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா மூடிக்கிடக்க, விரிக்கும் பீட்டா 2 மட்டும் திறந்திருக்கிறது.